கல்யாண கேசட்டை கேம் பெட்டியில் ஓட்டுவது எப்படி?

வாழ்த்துகள். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று 1990-களில் எடுத்த கேசட்டுகள் எல்லாம் பரணில் கிடக்கின்றன. இருபத்தைந்து வருடமாக அவற்றை நீங்கள் தொடவே இல்லை. இந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது.

மீதிப் பாதிக்குத்தான் இந்த வழிகாட்டி. நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூர்க்காரன். தண்டலம் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் யோசனை கேட்பவர்கள் அதிகம். ‘பையனுக்கு வாங்கின பிளே ஸ்டேஷன் டிவிக்குக் கீழேயே இருக்கு, அதுல அக்கா கல்யாணத்தைப் போட்டுப் பார்க்க முடியுமா அண்ணே?’ தாராளமாக முடியும். கீழே உள்ளதை வரிசை மாறாமல் செய்யுங்கள். பெரும்பாலும் செய்துகொண்டுதான் இருப்பீர்கள். விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

1. கேசட்டைப் பக்குவமாக வையுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் பரண்தான் சரியான இடம். அடுப்புப் புகை ஏறுகிற பரணாக இருந்தால் இன்னும் நல்லது. கேசட் நாடா என்பது பாலியஸ்டர் பட்டை. அதன்மேல் காந்தத் துகளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மே மாதம் காய்ந்து, நவம்பரில் ஊறி, மறுபடி காய்ந்து, மறுபடி ஊறினால்தான் பிசுபிசுப்பு நன்றாக வரும். இதற்கு அவசரப்பட முடியாது, வருடங்கள் வேண்டும். உங்களிடம் வருடங்கள் இருந்தன.

2015 டிசம்பர் மழையில் பரண் ஒழுகியபோது பத்திரம், ரேஷன் கார்டு, அரிசி மூட்டை என்று வரிசையாக இறக்கினீர்கள். கேசட் பெட்டியை இறக்காதது நல்ல முடிவு. இப்போது நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை. விபூதி என்று நினைத்துக்கொள்ளுங்கள், மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

2. அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைக்காதீர்கள்.

விஎச்எஸ் கேசட்டின் முதுகுப் பக்க ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்த கேசட்டில் மறுபடி பதிவு செய்ய முடியாது. உடைக்காமல் விட்டால் எது வேண்டுமானாலும் பதிவாகும். விட்டுவிடுங்கள்.

எங்கள் அக்கா கல்யாணம் 1995-ல் நடந்தது. மறு வருடம் மார்ச் 9-ஆம் தேதி பெங்களூரில் இந்தியா–பாகிஸ்தான் உலகக் கோப்பைக் காலிறுதி. வீட்டில் காலி கேசட் இல்லை. அன்றைக்கு டெக்கின் சிவப்புப் பொத்தானை அமுக்கியவன் யார் என்ற விசாரணை இன்னும் எங்கள் குடும்பத்தில் முடியவில்லை, ஆகவே நான் எதுவும் சொல்வதற்கில்லை. ஊஞ்சல் இருக்கிறது. மாலை மாற்றுவது இருக்கிறது. தாலியை ஐயர் தட்டில் சுற்றிக் கொடுத்து அனுப்பும் வரைக்கும் இருக்கிறது. தட்டு மாப்பிள்ளையிடம் வரும் நேரத்தில் ஆமிர் சோஹைல் பேட்டை நீட்டி பவுண்டரியைக் காட்டுகிறார். அடுத்த பந்தில் வெங்கடேஷ் பிரசாத் ஆஃப் ஸ்டம்பைப் பிடுங்குகிறார். மாப்பிள்ளை அடுத்து வரும்போது கை கழுவிக்கொண்டிருக்கிறார்.

3. எந்த வகை கேசட் என்று பார்க்காதீர்கள். பார்த்தால் கவலை வரும்.

பெரியது விஎச்எஸ். அதையே சுருக்கினாற்போல் இருப்பது விஎச்எஸ்-சி. அதைவிட ஒல்லியாக, ஆடியோ கேசட்டின் உறவுக்காரன் போல இருப்பது 8 மி.மீ.; வீடியோ8, ஹை8, டிஜிட்டல்8 மூன்றுக்கும் ஒரே உருவம்தான். தீப்பெட்டிக்குப் பெரியப்பா மாதிரி இருந்தால் மினி டிவி. விஎச்எஸ்-சியை ஓர் அடாப்டருக்குள் வைத்துப் பெரிய டெக்கில் ஓட்டலாம். 8 மி.மீ.க்கு அப்படி அடாப்டர் கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை. நாடாவின் அகலமே வேறு. ஆனாலும் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கடை கடையாகக் கேளுங்கள். ‘இப்போ வர்றதில்ல சார்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முன்பு வந்துகொண்டிருந்தது என்ற நம்பிக்கையோடு பஸ் ஏறலாம்.

8 மி.மீ. கேசட்டை ஓட்ட ஒரே சுலபமான வழி அதை எடுத்த கேமராதான். ஆகவே கேமராவை முதலில் ஒழியுங்கள். கத்தாரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கேம்கார்டரை நான் 2009 தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சில் போட்டேன். புது டிஜிட்டல் கேமராவில் ஐந்நூறு ரூபாய் கழித்தார்கள். நல்ல லாபம் என்று அன்றைக்கு வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

4. டெக் தேடுங்கள்.

உலகத்தில் கடைசியாக விஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்தது ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம். அதுவும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. நீங்கள் 2017-ல் தேட ஆரம்பித்தது கச்சிதம்.

கிடைத்த டெக்கில் கேசட்டை அப்படியே, பூஞ்சையோடு போடுங்கள். உள்ளே நாடாவைப் படிக்கும் தலை பதித்த உருளை நிமிடத்துக்கு 1,500 தடவை சுற்றும். நம்ம ஊர் டிவியின் பால் (PAL) முறைக் கணக்கு அது. அந்த வேகத்தில் பூஞ்சை தலையில் அப்பிக்கொள்ளும். படத்தில் பனி கொட்டும். இப்போது அடுத்த கேசட்டைப் போடுங்கள். பிறகு அதற்கடுத்தது. நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை ஏற வேண்டுமே. பனி குறையவில்லை என்றால் மூடியைக் கழற்றி, பனியன் துணியால் தலையை மேலும் கீழுமாக அழுத்தித் துடையுங்கள். தலை உடைந்தால் கவலை வேண்டாம். ஐந்தாவது படி அதற்காகத்தான்.

5. ஸ்டூடியோவில் கொடுங்கள்.

இதை நிதானமாகச் செய்ய வேண்டும். சொல்லப்போனால் இந்த வழிகாட்டியின் மற்ற படிகள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒரு படி அளவுக்குச் சாதிக்காது.

ஸ்டூடியோ அண்ணன் நல்லவர். கேசட்டை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்: ‘ஒரிஜினல் சவுண்டுல ஒரே இரைச்சல் சார். எடுத்துட்டுப் பாட்டு போட்டுரட்டுமா?’

‘போட்டுருங்க’ என்று சொல்லுங்கள்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் நாதஸ்வரக்காரர் போனார். தவில் போனது. மொய் எழுதும் இடத்தில் மைக்கைப் பிடித்தவர் ‘பேரம்பாக்கம் மாமா ஐந்நூத்தி ஒண்ணு’ என்று அறிவித்ததும், அதைத் திருத்தி ‘ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ஒண்ணு’ என்று மாமாவே குரல் கொடுத்ததும் போயின. பந்தியில் ரசம் வரவில்லை என்று கத்திய பெரியப்பா போனார். சீர்வரிசைத் தட்டை எண்ணிக்கொண்டே இரண்டு அத்தைகள் அடித்த கமெண்ட் போனது. சன் கன் லைட் முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேமராவைப் பார்த்து ஆயா, ‘டேய், இதுல நான் பேசுறதும் வருமா?’ என்று கேட்டார்கள். அதுவும் போனது. ஆயாவின் வாய் மட்டும் அசையும். அதன்மேல் ஏதோ ஒரு டூயட் ஓடும்.

ஸ்டூடியோ அண்ணன் அதோடு விடமாட்டார். ஆப்பிள் இரண்டாகப் பிளந்து உள்ளே மணமக்கள் சிரிப்பார்கள். இதயம் பறக்கும். ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்து வாசலில் நின்ற ஜோடிக்குப் பின்னால் பனிமலை வரும். பந்தி முழுக்க வெட்டப்பட்டிருக்கும், ‘சும்மா சாப்பிட்டுட்டு இருக்காங்க சார்’ என்பதால். ஊரிலிருந்த அத்தனை பேரும் முகம் காட்டிய ஒரே இடம் அதுதான் என்பதைச் சொல்லி அவரைக் குழப்பாதீர்கள்.

மூன்று மணி நேர கேசட் இப்போது நாற்பது நிமிடம். பழைய கேசட்டை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த முறை போகும்போது ஸ்டூடியோ இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்பார்கள்.

6. விசிடியாக வாங்குங்கள்.

டிவிடி நூறு ரூபாய் கூட என்றால் விசிடி போதும் என்று சொல்லிவிடுங்கள். விசிடியில் படம் 352-க்கு 288 புள்ளி, நொடிக்கு 1,150 கிலோபிட். வேட்டிக் கரை தெரியாது. நெற்றியில் இருப்பது திருநீறா நாமமா என்பதும் தெரியாது. இதில் இன்னோர் அழகு உண்டு. பிளே ஸ்டேஷன் 2 டிவிடி ஓட்டும், விசிடி ஓட்டாது. பிளே ஸ்டேஷன் 3-ம் அப்படியே. தட்டைத் துடைத்துத் துடைத்துப் போடுங்கள். அது கீறல் அல்ல என்று புரிவதற்குள் கீறல் விழுந்திருக்கும்.

7. வீட்டிலேயே மாற்றப் போகிறீர்களா? துணிச்சலுக்குப் பாராட்டு.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை ஒரு முனையிலும் யுஎஸ்பியை மறு முனையிலும் வைத்த குச்சி ஒன்று கிடைக்கும். அதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள். முக்கியமாக மினி டிவி கேமராவுக்கு. அந்த நாடாவில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஃபயர்வயர் என்ற கேபிளைச் செருகினால் ஒரு புள்ளி குறையாமல், மணிக்குச் சுமார் 13 ஜிபியாக அப்படியே இறங்கிவிடும். அவ்வளவு சுத்தமாக வேண்டுமா என்ன? மஞ்சள் ஒயர் வழியாக அனலாக் ஆக்கி, குச்சி வழியாக மறுபடி டிஜிட்டல் ஆக்குங்கள். அதே கேமராவில் யுஎஸ்பி துளையும் இருந்தால் அதைச் செருகிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். பெரும்பாலான மாடல்களில் அதன்வழியாக போட்டோ மட்டும்தான் இறங்கும்.

குச்சியும் வேண்டாம் என்றால் எல்லோரும் செய்வதைச் செய்யுங்கள். டிவியில் ஓடவிட்டு, எதிரே நின்று செல்போனில் எடுங்கள். செல்போனை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். மின்விசிறி ஓடட்டும். குக்கர் மூன்றாவது விசிலுக்குக் காத்திருக்கட்டும். ஆயா 1995-ல் வாயைத் திறக்கிற நேரத்தில் இன்றைய குக்கர் கத்த வேண்டும். இரண்டையும் ஒரே கோப்பில் பிடித்தால் நீங்கள் தேர்ந்த கலைஞர்.

8. கன்வர்ட் செய்யுங்கள். போதாது, மறுபடி செய்யுங்கள்.

முதலில் ஏவிஐ. அதிலிருந்து டபிள்யூஎம்வி. அதிலிருந்து எம்பி4. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதை ஜெராக்ஸ் எடுத்து தாலுகா ஆபீஸில் கொடுத்துப் பழகியவர்கள் நாம். இது நமக்குப் புதிதல்ல. மாற்றியதும் மூலக் கோப்பை உடனே அழியுங்கள், இடத்தை அடைக்கும்.

இலவச கன்வர்ட்டரே சிறந்தது. மணமகளின் நெற்றிச்சுட்டிக்கு நேராகக் கம்பெனி பெயர் வரும். சில கன்வர்ட்டர்கள் பாதிப் படத்தோடு நின்று பணம் கேட்கும். அந்தப் பாதியே முழுக் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் அக்காவுக்கு அதுகூட இல்லை.

அமைப்புகளில் கவனம் தேவை. நம் படம் நொடிக்கு 25 சட்டகம். அதை அமெரிக்கக் கணக்கான 29.97 ஆக்குங்கள். நலங்கு வைக்கும் கை தத்தித் தத்திப் போகும். வரிப்பின்னல் நீக்கும் வசதி ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். யாராவது கையை ஆட்டினால் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிவது அதனால்தான். கடைசியாக, 4-க்கு 3 அளவிலுள்ள படத்தை 16-க்கு 9 ஆக இழுங்கள். டிவி முழுக்க நிறையும். ஐம்பத்தைந்து கிலோ இருந்த சித்தப்பா எண்பது கிலோவாகத் தெரிவார். இன்றைய சித்தப்பாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

இடையில் ஒரு சொல். நோக்கியா ஆலை எங்கள் ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் வந்து 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்கள் பழைய செல்போனில் எடுத்த 3ஜிபி (3GP) வகைப் படங்களை 50 அங்குல டிவியில் போட விரும்பினால் தாராளமாகப் போடுங்கள். படம் 176-க்கு 144 புள்ளி. நண்பனைச் சட்டையின் நிறத்தை வைத்து அடையாளம் காணலாம்.

9. பென் டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

பிளே ஸ்டேஷன் 3 ஃபேட் 32 முறையில் உள்ள பென் டிரைவைத்தான் படிக்கும். என்டிஎஃப்எஸ் என்றால் ஒன்றுமே செருகாதது போல இருந்துவிடும். ஃபேட் 32-லோ ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஆகவே ஐந்து ஜிபி கோப்பைத் திரும்பத் திரும்ப இழுத்துப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கோப்பு மிகப் பெரியது என்று சொல்லும், டிரைவில் பெரும்பகுதி காலியாகவே இருக்கும். டிரைவில் கோளாறு என்ற முடிவுக்கு வந்து ஃபார்மட் கொடுங்கள். ‘எல்லாம் அழிந்துவிடும், சரியா?’ என்று கம்ப்யூட்டர் கேட்கும். சரி என்று சொல்லுங்கள். காதுகுத்தின் ஒரே பிரதி அந்த டிரைவில்தான் இருந்தது என்பது சாப்பிட்டுக் கை கழுவும்போது ஞாபகம் வர வேண்டும். முன்கூட்டி வந்தால் பலன் இல்லை.

10. கோப்பின் பெயரை மாற்றி ஏமாற்றுங்கள்.

எம்கேவி கோப்பை பிளே ஸ்டேஷன் 3 ஏற்காது. பெயரின் வாலை எம்பி4 என்று மாற்றினால் அதற்குத் தெரியவா போகிறது? தெரியும். ஆனாலும் மாற்றுங்கள். கேம் பெட்டிகளுக்குப் படம் ஓட்டுவதில் என்றைக்கும் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. பிளே ஸ்டேஷன் 3-ம் எக்ஸ்பாக்ஸ் 360-ம் டிவ்எக்ஸ் படங்களை ஏற்கத் தொடங்கியதே 2007 டிசம்பரில்தான். பிளே ஸ்டேஷன் 4 வந்தது 2013-ல். பென் டிரைவிலிருந்து படம் ஓட்டும் வசதி 2015 ஜூனில்தான் சேர்ந்தது. நடுவே அந்த ஒன்றரை வருடமும் தினமும் செருகிப் பார்த்தவர்களை நான் அறிவேன். கோயிலுக்குப் போவது மாதிரி.

11. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டுங்கள்.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மாப்பிள்ளையைத் தூங்கவிடாமல் எழுப்புங்கள். அக்கா பெரிய நாற்காலியில் உட்காரட்டும். பையன் ஆட்டத்தின் பாதியில் இருப்பான். சேவ் பண்ண ரெண்டே நிமிஷம் என்பான். கொடுக்காதீர்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வீட்டில் ஒருத்தராவது முகத்தைத் தூக்கி வைத்திருந்தால்தான் கல்யாண வீட்டுக் களை வரும்.

கையில் இருப்பது டிவி ரிமோட் அல்ல, கேம் கன்ட்ரோலர். எந்தப் பொத்தான் நிறுத்தும், எது ஓட்டும் என்பது பையனுக்கு மட்டும்தான் தெரியும். அவனோ கோபத்தில் இருக்கிறான். நீங்களே அமுக்குங்கள். படம் எட்டு மடங்கு வேகத்தில் ஓடும். மொத்தக் கல்யாணமும் ஐந்தே நிமிடத்தில் முடியும். யாரோ ஒருத்தர் ‘நிறுத்து நிறுத்து, பின்னாடி போ, அது நம்ம ஆயா’ என்பார். பின்னால் போகப் போனால் படம் மூடி, கால்பந்து ஆட்டம் திறக்கும்.

12. டிவியின் பின்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

அங்கே ஒரு யுஎஸ்பி துளை இருக்கிறது. பென் டிரைவை அதில் செருகியிருந்தால் எம்பி4 கோப்பு நேராகவே ஓடியிருக்கும். கேம் பெட்டி தேவையே இல்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் டிவி செய்யத் தொடங்கியது 2007-ல். உங்கள் மாப்பிள்ளையே அங்கே லைனில் நின்று அந்தத் துளையைத் தினமும் சோதித்துப் பார்ப்பவராக இருக்கலாம். அவரிடம் கேட்டிருக்கலாம். நைட் ஷிஃப்ட், தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று அப்போது விட்டீர்கள்.

இவ்வளவும் செய்து முடித்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. மூன்றாம் படியிலேயே நின்றுபோனவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்களில் யாரிடமாவது ஓடுகிற 8 மி.மீ. கேம்கார்டர் இருந்தால், சார்ஜர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாமல் ஒரு நாளைக்கு மண்ணூருக்குக் கொண்டுவாருங்கள். எங்கள் பீரோவில் ஒரு கேசட் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் மேலே எழுதியிருக்கிறது: ‘புதுமனை — அப்பா பேசியது’.